கோச் "விட்டுவிடாதீர்கள்" என்று சொன்ன மறுநாள்

பயிற்சி முடிந்து கிளம்பும்போது கோச் தனியாகக் கூப்பிடுகிறார். "இவளிடம் விஷயம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்" என்கிறார். அவ்வளவுதான், அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிடும்: நல்ல ஷூ, கூடுதல் பயிற்சி, பெரிய அகாடமி, பள்ளியை மாற்றலாமா என்ற யோசனை.

அந்த மறுநாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளையை முதன்முறையாகக் கையில் வைத்திருக்கும் பெற்றோருக்கும், அப்படி ஒரு மாணவர் வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்கும் இது பயன்படலாம். திறமையை உண்டாக்கும் வித்தை எனக்குத் தெரியாது. இருக்கிற திறமையைப் பெரியவர்களின் அவசரம் எப்படித் தின்றுவிடும் என்பது கொஞ்சம் தெரியும். அதைத் தடுக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு காலண்டர், ஒரு நோட்டு, சில சங்கடமான கேள்விகள் போதும்.

முதல் படி: மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

அகாடமி எங்கும் ஓடிவிடாது. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியது, கோச் பார்த்தது திறமையையா, வளர்ச்சியையா என்பது.

வயதுப் பிரிவுப் போட்டிகளில் பழைய கோளாறு ஒன்று உண்டு. வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் மோதுவார்கள். 10 வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிய இடைவெளி. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களுடைய பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் குவிந்திருப்பதைக் கவனித்தார்கள். அதன் பிறகு கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே கதை தெரியவந்தது.

பிறந்த மாதம் ஒருபுறம் இருக்கட்டும். உடம்பு முதிரும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். உயரம் மளமளவென்று கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதையொட்டி வரும், பையன்களுக்கு 14 வயதையொட்டி. சிலருக்கு ஓரிரு வருடம் முன்பே வந்துவிடும், சிலருக்குத் தள்ளிப்போகும். 13 வயதுப் பையன்கள் பத்துப் பேரை வரிசையாக நிற்க வைத்தால் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் அவன் தோளுக்கு வரமாட்டான். முந்தியவன் பலத்தாலேயே ஜெயித்துப் பழகுகிறான், நுட்பம் கற்க அவசியமே வருவதில்லை. மற்றவர்கள் வளர்ந்து நிற்கும்போது அவனுக்குத் திகைப்பு. பிந்தியவனோ அதற்குள் அணியிலிருந்தே கழற்றிவிடப்பட்டிருப்பான்.

ஆகவே கோச்சிடம் கேளுங்கள்: "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" அவர் பதிலில் வேகம், உயரம், கோப்பை மட்டும் வந்தால் பொறுத்திருங்கள். புதிதாகச் சொன்னதை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள், தோற்ற மறுநாள் எப்படி வருகிறாள், யாரும் பார்க்காதபோதும் பந்தை எடுக்கிறாளா என்று அவர் பேசினால் காது கொடுங்கள். பிள்ளையிடமும் கேட்க வேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: வாரத்தில் 168 மணி நேரம்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு தாளை எடுத்து ஏழு கட்டங்கள் போடுங்கள்.

முதலில் எழுத வேண்டியது பயிற்சி நேரம் என்று நினைப்போம். தூக்கம்தான் முதலில். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி வீரர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. அதிகாலைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று பாருங்கள், விஷயம் புரியும்.

ஒரு 14 வயதுப் பிள்ளையை வைத்துக் கணக்குப் போடுவோம். தினம் 9 மணி நேரத் தூக்கம், வாரத்துக்கு 63. பள்ளியும் அதற்கான போக்குவரத்தும் 36. வீட்டுப்பாடம் 12. சாப்பாடு, குளியல், உடை மாற்றுவது என்று 17. பயிற்சி 14, மைதானத்துக்குப் போய்வர 6. கூட்டினால் 148. மீதி 20 மணி நேரம்.

பரவாயில்லையே என்று தோன்றும். அந்த 20 மணி நேரத்தில்தான் தம்பியோடு சண்டை போடுவது, தோழிகளோடு அரட்டை, காய்ச்சல், சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எல்லாமே அடங்க வேண்டும். வார இறுதியில் இரண்டு நாள் வெளியூர் டோர்னமென்ட் என்றால் மொத்தமும் காலி. மாதத்தில் அப்படி மூன்று வார இறுதிகள் போனால், அடுத்து வெட்டப்படுவது தூக்கம். அதற்கடுத்து வீட்டுப்பாடம். பிள்ளை "சோம்பேறியாகிவிட்டாள்" என்று நாம் சொல்ல ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

பயிற்சி எவ்வளவு என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய கைக்கணக்கு சொல்வார்கள்: வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம். 12 வயதென்றால் 12 மணி நேரம். வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்து இடைவெளி என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பல கோச்சுகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தாள் நிரம்பிய பிறகு புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பயிற்சியா? சரி, எதை எடுக்கிறோம்? தூக்கத்தையும் அந்த ஓய்வு நாளையும் தொடக் கூடாது.

ஒரே விளையாட்டா, பலவா?

இந்தக் கேள்வி சீக்கிரமே வரும். ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங் போன்ற சிலவற்றில் சின்ன வயதிலேயே இறங்க வேண்டியிருக்கிறது. மற்ற பெரும்பாலானவற்றில் 15, 16 வயது வரை இரண்டு மூன்று விளையாட்டுகள் ஆடுவதால் எதுவும் குறைந்துவிடாது. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் சிறுவனாக இருந்தபோது கால்பந்து, பேட்மின்டன், கூடைப்பந்து என்று எல்லாம் ஆடியவர். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வளரும் எலும்புக்கு வேறு அசைவுகள் ஓய்வு மாதிரி. மனதுக்கும் அப்படித்தான்.

சின்ன வயதில் இறங்கும் விளையாட்டுகளே இப்போது கதவைக் கொஞ்சம் சாத்தத் தொடங்கியிருக்கின்றன. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸில் சீனியர் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 1997இல் 16 ஆனது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 15 ஆக இருந்ததைப் படிப்படியாக 17க்கு உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று 1995இலேயே வரம்பு வைத்துவிட்டது. சிறுமிகள் சீக்கிரமே எரிந்து அணைவதைக் கண்ணால் பார்த்தபின் வந்த விதி அது.

மூன்றாம் படி: பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள், சீசன் தொடங்கும் முன்பே

நாம் பொதுவாகச் செய்வது, போட்டிக்கு முந்தின நாள் விடுப்புக் கடிதம் கொடுப்பது. ஆசிரியருக்கு அது தொந்தரவாகத்தான் தெரியும். அதற்குப் பதில் ஆண்டின் தொடக்கத்திலேயே, தெரிந்த போட்டித் தேதிகளை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே பள்ளித் தேர்வுத் தேதிகளும் இருக்கட்டும். எங்கே இடிக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கும்போது பேச்சின் சூடே மாறிவிடும்.

என்ன கேட்கலாம்? ஒப்படைப்பு வேலைக்குச் சில நாள் கூடுதல் அவகாசம். இடிக்கும் தேர்வுக்கு மாற்றுத் தேதி. தவறிய பாடக் குறிப்புகள். எல்லா ஆசிரியர்களிடமும் தனித்தனியே ஓடாமல் பேசுவதற்குப் பள்ளியில் ஒரே ஒரு ஆள். என்ன கேட்கக் கூடாது? மதிப்பெண். "விளையாட்டுப் பிள்ளை, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்ற வாக்கியத்தை வாயிலிருந்து வரவிடாதீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளை, படிப்பு தனக்கானதில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துக் கொண்டுபோவதை 'இரட்டைப் பாதை' என்று வைத்து ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. அதன் சாரம் சின்னது: பாதையை வளைக்கலாம், குறுக்கக் கூடாது. நான்கு பருவத்தில் முடிப்பதை ஐந்தில் முடிக்கலாம். முடிக்காமல் விடுவது வேறு விஷயம்.

பயணத்தில் படிப்பு பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸில் புதுப் பாடம் ஏறாது. ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்கலாம், கதைப் புத்தகம் வாசிக்கலாம், அவ்வளவுதான். கனமான பாடத்தைப் போட்டிக்கு முந்தின வாரத்திலேயே முடித்துவிடுவதும், திரும்பி வந்த முதல் நாள் பயிற்சிக்குப் பதிலாக விட்டதைப் பிடிப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் தனிப்பட்ட கருத்து: நடுநிலை வகுப்புகள் முடியும்வரை வேண்டாம். கணக்கு, அறிவியலை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் நேற்று யார் ஜெயித்தார்கள் என்று கவலைப்படாத முப்பது பேரோடு உட்காரும் இடம் பள்ளி மட்டுமே. தோற்றுவிட்டு வந்த திங்கட்கிழமை அந்த அலட்சியம் பெரிய மருந்து.

படித்தால் பதக்கம் வராது என்று யாராவது சொன்னால், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சாலை சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வாங்கியதைச் சொல்லுங்கள். ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்த கேபி தாமஸ் 2024 பாரிஸில் 200 மீட்டர் ஓட்டத்தை வென்றார். எல்லோரும் அப்படி ஆக முடியாதுதான். ஆனால் மறுபக்கக் கணக்கையும் பாருங்கள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பே, தன் வீரர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது. அவர்கள் எல்லோரையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு கோச் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்.

நான்காம் படி: கோச்சைத் தெரிந்துகொள்வது

கோப்பைகளை எண்ணாதீர்கள். ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பயிற்சியைப் பாருங்கள். நன்றாக ஆடாத பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்? காயம்பட்ட பிள்ளை உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறாரா? ஐந்து வருடம் முன்பு அவரிடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்த விளையாட்டில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். "தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைப்பீர்களா?" என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. 2018இல், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் முன்னாள் மருத்துவர் லேரி நாசரின் தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். சிலர் சிறுமிகளாக இருந்தபோதே பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நம்பவில்லை. பெரிய பெயர், பெரிய நம்பிக்கை, மூடிய அறை, நம் பிள்ளையின் எதிர்காலம் இவர் கையில் இருக்கிறது என்ற பயம், இதெல்லாம் சேர்ந்தால் கண் மறைத்துவிடும்.

அதனால் யாரையும் சந்தேகிக்காமல், எல்லோருக்கும் பொதுவாகச் சில விதிகள் வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோர் பயிற்சியைப் பார்க்கத் தடை என்றால் அந்த இடம் வேண்டாம். சிகிச்சையோ மசாஜோ எதுவானாலும் இன்னொரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். வெளியூரில் பிள்ளையும் கோச்சும் ஒரே அறை என்பது கிடையவே கிடையாது. செய்திகள் குழுவில் வரட்டும், பிள்ளையின் போனுக்குத் தனியாக வேண்டாம். நல்ல கோச் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் இது பாதுகாப்புதான். பிள்ளை ஒரு நாள் திடீரென்று "அங்கே போகமாட்டேன்" என்றால் முதல் கேள்வி "ஏன் இப்படி அடம்?" என்று இருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உடம்பு சொல்வதை எழுதி வையுங்கள்

நோட்டு இதற்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து எழுதுங்கள். கோடு திடீரென்று ஏறுகிறது என்றால் உடனே கோச்சிடம் சொல்லுங்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் தசைநாரும் பின்னால்தான் வரும். அந்தச் சமயத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிக்கும், குதிகால் வலிக்கும், நேற்றுவரை அழகாக ஓடியவள் தடுமாறுவாள். குதிப்பையும் வேக ஓட்டத்தையும் சில மாதம் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். "ஃபார்ம் போய்விட்டது" என்று கூடுதல் பயிற்சி கொடுப்பதுதான் தவறு.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரம் என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். ஓடும்போது நொண்ட வைக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி, ஒரே இடத்தில் இரண்டு வாரமாகப் போகாத வலி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. திரும்பும்போதும் முதலில் வகுப்பறை, அப்புறம்தான் மைதானம்.

வார்ம் அப் பற்றிப் பலருக்கு அலட்சியம். கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற சுமார் 20 நிமிடப் பயிற்சியை இளம் வீராங்கனைகளிடம் சோதித்தபோது காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. காசு கிடையாது, கருவி கிடையாது. செய்ய வைப்பதுதான் கஷ்டம்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எடைப் பிரிவு உள்ள விளையாட்டிலும், ஒல்லியாக இருந்தால் நல்லது என்று நம்பும் விளையாட்டிலும், பிள்ளை செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாமல் போவது சத்தமில்லாமல் நடக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது. எலும்பு பலவீனமாகும், அடிக்கடி சளி பிடிக்கும், மனம் சோரும். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிட்டாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுவிட்டாலோ, "நிறையப் பயிற்சி செய்கிறாள், அதனால்தான்" என்று விட்டுவிடக் கூடாது. வளரும் பிள்ளையின் எடையை மற்றவர்கள் முன்னால் பார்த்துச் சொல்லும் கோச்சிடம் நீங்கள் பேசியாக வேண்டும்.

பவுடர், மாத்திரை? வேண்டாம். சப்ளிமென்ட் டப்பாவின் மேல் எழுதாத பொருள் உள்ளே இருப்பது உண்டு. ஊக்கமருந்து விதிப்படி உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு, யார் கொடுத்தது என்பது இரண்டாம் பட்சம். 15 வயதில் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனை மாதிரிக்காக ரஷ்ய ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவாவுக்கு 2024இல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது. ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், அந்த மருந்து தடைப் பட்டியலில் இருக்கிறதா, முன்அனுமதி வேண்டுமா என்று பெரிய போட்டிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: தோற்றுவிட்டு வீடு திரும்பும் வழி

பிள்ளைகள் விளையாட்டை வெறுக்கத் தொடங்கும் இடம் மைதானம் இல்லை, திரும்பி வரும் வண்டி. "அந்தக் கடைசிப் பந்தை ஏன் அப்படி…" என்று நாம் ஆரம்பிப்போம். அதை ஆடியவளுக்கே தெரியும். அந்தப் பயணத்தில் பெற்றோருக்கு இரண்டு வாக்கியம் போதும்: "பசிக்கிறதா?", "நீ ஆடுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது." ஆட்டத்தைப் பற்றி அவளே பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அலசுவது கோச்சின் வேலை, அதுவும் மறுநாள்.

பையை அவளே அடுக்கட்டும். 10 வயதுக்கு மேல் தண்ணீர் பாட்டிலை மறந்தால் மறக்கட்டும், அடுத்த முறை மறக்காது. போட்டிக்குப் பதிவு செய்வது, ஆசிரியருக்குத் தகவல் சொல்வது எல்லாவற்றையும் வயதுக்கேற்ப அவளிடம் தள்ளிவிடுங்கள். விளையாட்டுக்காக மற்ற எல்லா வேலையிலிருந்தும் விடுவிக்கப்பட்ட பிள்ளை, 20 வயதில் ஒரு விண்ணப்பத்தைத் தனியாக நிரப்பத் தெரியாமல் நிற்கும்.

அப்புறம் அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும். எல்லாச் சனிக்கிழமைகளையும் அக்காவின் மைதானத்து ஓரத்தில் கழிக்கும் தம்பி. அவனுக்கென்று மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தாளில் எழுதிவிடுங்கள்.

பணமும் காகிதமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு முழுவதற்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்பே முடிவு செய்யுங்கள், கடன் வாங்கி வேண்டாம். செலவழித்த கணக்கைப் பிள்ளையிடம் சொல்லிக்காட்டினால் அது வட்டியோடு திரும்ப வரும். ஸ்பான்சர், ஏஜென்ட் என்று யாராவது வந்தால், அந்த ஒப்பந்தத்தை உங்களுக்கு வேண்டிய ஒரு வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்து இல்லை. எத்தனை வருடம், எப்படி வெளியே வரலாம், காயம் பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெளிநாட்டு கால்பந்து கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் வந்தால், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு மாற்றிச் சேர்ப்பதை, குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா தடைசெய்திருக்கிறது என்று அவரிடமே சொல்லலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

தாளையும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளை, பெற்றோர், முடிந்தால் கோச்சும் ஓர் ஆசிரியரும் அரை மணி நேரம் உட்காருங்கள். தூக்கம் எப்படி, பாடம் எது பின்தங்கியது, வலி எங்கே, அடுத்த அரை ஆண்டில் எந்தப் போட்டியை விடுவது. கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். சித்தியோ மாமாவோ, பிள்ளைக்குப் பிடித்த யாராவது தனியாகக் கேட்கட்டும்: "இன்னும் பிடிச்சிருக்கா?"

இல்லை என்ற பதில் வந்தால் பதறாதீர்கள். நடக்கும் சீசனை முடிக்கட்டும், அணியில் மற்றவர்கள் அவளை நம்பியிருப்பார்கள். அவளுக்கு அங்கே தீங்கு நடக்கிறது என்றால் மட்டும் இது பொருந்தாது, அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். சீசன் முடிந்ததும் ஒரு மாதம் அந்தப் பேச்சே வேண்டாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகி, இரண்டு வருடம் போட்டிப் பக்கமே வராமல் இருந்து, பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். உங்கள் பிள்ளை திரும்பாமலும் போகலாம். விளையாட்டுப் பையைத் தூக்கி யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், கண்ணில் படும்படி கூடத்தில் வைக்கவும் வேண்டாம். பரணில் இருக்கட்டும். எடுக்க நினைத்தால் அவளே ஏணி போட்டு எடுத்துக்கொள்வாள்.